பலூன் ஜோடி

மலைக்கோயிலின் பாதிப் படியில் தில்லைநாயகத்தின் கைக்கடிகாரம் அதிர்ந்தது. “உங்கள் ஜோடி நின்றுவிட்டார். நீங்களும் உட்காருங்கள்.”

இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் மறுபடி அடைத்துக்கொண்டவர்களை ஆஸ்பத்திரிச் சோதனை ஒன்றில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்திருந்தார்கள். அடைப்பை விரிக்க ஒருவருக்கு மருந்து பூசிய பலூன், மற்றவருக்கு வெறும் பலூன். சோதனை முடியும்வரை இருவரும் ஒன்றுபோல் வாழ வேண்டும். ஒருவர் நடந்தால் மற்றவரும் நடக்கணும், ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்கணும். மீறினால் இருவருக்குமே வைத்தியம் கிடையாது.

எப்போதும் முதலில் நிற்பது ஜோடிதான். தில்லைநாயகத்துக்கு மூச்சே வாங்குவதில்லை. மருந்து யாருக்குப் போனது என்று அவருக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

“என்னங்க, மேல நம்ம பொண்ணு கழுத்துல தாலி ஏறப்போகுது, எழுந்திரிங்க!” மனைவி செண்பகம் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நான் ஏறினா அந்த முகம் தெரியாத மனுசனும் ஏறணும்டி. தாங்க மாட்டான்.”

கடிகாரம் மறுபடி அதிர்ந்தது. “உங்கள் ஜோடி எழுந்துவிட்டார். நீங்களும் ஏறுங்கள்.”

செண்பகத்துக்கு உயிர் வந்தது. தில்லைநாயகம் அவசரமாக இரண்டு படி ஏறினார். அப்புறம் நின்றார்.

“தன்னால நான் பாதியில மாட்டிக்கிட்டேன்னு நெனச்சு, முடியாமலே எழுந்திருச்சிட்டான், பாவி.”

படியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். எங்கோ அவனும் உட்கார்ந்திருப்பான். கடிகாரம் அடங்கியது. மேலே கெட்டிமேளம் முழங்கியது.