நாளைக்கு மேடம்

செடித் தொட்டியை மேசைமேல் வைத்தாள்.

எப்போதும்போல நிதானமாகவே இருந்தாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சற்றுமுன் வராந்தாவில் வைத்துத்தான் துறைத்தலைவர் பியூலா மேடம் சொன்னார். நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவர் வேறு கல்லூரியிலிருந்து மாற்றலாகி வந்துவிட்டார். அவளுடைய தாவரவியல் வகுப்புகள் எல்லாம் நாளை முதல் அவருக்கு.

"இந்த ஒரு கிளாஸ மட்டும் முடிச்சிருங்க."

"சரி மேடம்" என்றாள். அவ்வளவுதான். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அவள் கௌரவ விரிவுரையாளர். பெயரில் கௌரவத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை முடிந்தது என்பார்கள். ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். முதல் ஏப்ரலில் பஸ்ஸிலேயே அழுதாள். அடுத்த ஏப்ரலில் வீட்டுக்குப் போய் அழுதாள். அப்புறம் அழுகை நின்றுவிட்டது. பியூலா மேடம் நாற்காலியைவிட்டு எழாமல், "ஜூன்ல பாப்போம்" என்பார். இவளும் சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

இது ஏப்ரல் இல்லை. ஆகஸ்ட்.

ஜூன் என்ற பேச்சே இந்த முறை வரவில்லை.

வகுப்பு எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தது.

இவர்களில் யாரும் தாவரவியலை ஆசைப்பட்டு எடுத்தவர்கள் இல்லை. வேறு எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள். ஆனால் போன வாரம் ஒருவன் டிபன் பாக்ஸிலிருந்து பிரிஞ்சி இலையை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து, "இது என்ன குடும்பம் மேடம்?" என்று கேட்டான்.

அன்று முழுக்கச் சந்தோஷத்தில் அவளுக்குப் பசிக்கவில்லை. இத்தனை வருடங்களில் வேறு வேலை தேடாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். வீட்டில் சொன்னால் புரியாது.

வகுப்பு முடியும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பாள். பதில் சொல்லமாட்டாள். "நாளைக்கு" என்பாள். அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'நாளைக்கு மேடம்.' அவள் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்குத் தெரியும். பிடிக்கவும் பிடிக்கும்.

இன்று கேள்வி கூடாது. வாசற்படி ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள். எதையும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட வேண்டும். போவதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. இவர்கள் முன்னால் உடைந்துவிடக் கூடாது.

தொட்டியில் இருந்தது தொட்டாற்சுருங்கி.

கொண்டுவந்திருந்த சாக்கை நாலாக மடித்து மேசையில் போட்டாள். தொட்டியைக் கொஞ்சமாகத் தூக்கி அதன் மேல் பொத்தென்று விட்டாள்.

இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிக்கொண்டன.

"நேத்து என்ன கேட்டேன்? இப்படி விடாம போட்டுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? வாங்க. போட்டுப் பாருங்க."

சுற்றி நின்றார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கினார்கள். போட்டார்கள். மறுபடி தூக்கினார்கள். கை வலிக்கிறது என்று ஒருத்தி நழுவினாள். இன்னொருத்தி வந்தாள்.

மெல்ல, இலைகள் விரியத் தொடங்கின.

தொட்டி விழுந்தது. இலைகள் அப்படியே இருந்தன.

மறுபடி விழுந்தது. ஒன்றுகூட அசையவில்லை.

"செத்துருச்சா மேடம்?"

"சாகல. பழகிருச்சு. திரும்பவும் தூக்கத்தான் போறாங்க, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

கடைசி பெஞ்சு இசக்கியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் வாயே திறக்காதவள். வீட்டில் ஆடுகள் வளர்க்கிறார்கள்.

"அப்போ நெசமாவே ஆடு வந்து வாய வச்சா என்ன மேடம் செய்யும்? இப்படிப் பாத்துக்கிட்டு சும்மாவே நிக்குமா?"

வகுப்பு சிரித்தது. இசக்கியம்மாள் சிரிக்கவில்லை.

எத்தனையோ வருடமாக இவள் இந்தச் செடியை வகுப்புக்குக் கொண்டுவருகிறாள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

பதில் தெரியும். ஒரே விதமான அடிக்குத்தான் செடி பழகும். இதுவரை படாத ஒன்று வந்து பட்டால் அந்த நொடியே சுருங்கிவிடும். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது.

வாயைத் திறந்தாள்.

மணி அடித்தது.

"நல்ல கேள்வி" என்றாள். வாய் தன் பாட்டுக்கு ஓடியது. "நாளைக்குச் சொல்றேன்."

'ஓ' என்று எல்லாரும் கத்தினார்கள். சாப்பாட்டு மணி. பைகளை அள்ளிக்கொண்டு, தள்ளிக்கொண்டு, வராந்தாவில் இறைந்து போனார்கள்.

இசக்கியம்மாள் மட்டும் வாசலில் நின்று திரும்பினாள்.

"மறந்துராதீங்க மேடம்."

இவள் தலையாட்டினாள்.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் குரல் வருமா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முதல் கேள்வி. அதைப் போய் அந்தரத்தில் விட்டுவிட்டோமே என்று மனசு வலித்தது. வேலை போனதற்குக்கூட அப்படி வலிக்கவில்லை.

கரும்பலகையைத் துடைத்தாள். சாக்கை உதறி மடித்தாள். இலையில் கை படாமல் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இலைகள் விரிந்தே இருந்தன.

கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நல்லது. இப்படியே பஸ் ஏறிவிடலாம்.

வராந்தாவில் பியூலா மேடம் காத்துக்கொண்டிருந்தார்.

வழக்கமான சிரிப்பைத் தயார் செய்துகொண்டாள். ஏப்ரல் சிரிப்பு. அது கேட்காமலே வந்துவிடும்.

"அப்போ, ஜூன்ல..." என்று ஆரம்பித்த பியூலா மேடம் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் வாய்ப்பழக்கம்தான்.

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு பியூலா மேடம், இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார். பக்கத்தில் வந்து, கையை நீட்டி, அவள் தோளைத் தொட்டார்.