மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவர்

பள்ளிக்கூடத்தின் மாடி வராந்தாவில் பத்து மணி வெயில் வளைவு வளைவாக விழுந்து கிடக்கிறது. பொறியாளர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைப்பிடிச் சுவரின் உயரத்தை அளக்கிறார். போன மாதம் இந்த இடத்திலிருந்துதான் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கீழே விழுந்து இறந்தாள். அவளுடைய அம்மா இரண்டடி தள்ளி நிற்கிறாள். "ரெண்டேகால் அடிதாம்மா இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி இது சுங்க ஆபீஸ். அதிகாரிங்க நாற்காலி போட்டு உக்காந்தா துறைமுகத்த மறைக்கக் கூடாதுன்னு தாழ்வாக் கட்டியிருக்காங்க. பள்ளிக்கூடமா மாத்தினப்ப யாரும் ஒசத்தல" என்கிறார். அவள் தலையாட்டுகிறாள். தேக்கு உத்தரம், பூவேலை செய்த இரும்புத் தாங்கி, சுண்ணாம்பு உதிர்ந்த தூண் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். எதுவும் மனதில் ஒட்டவில்லை. அழுகையும் வரவில்லை. "எப்ப ஒசத்துவீங்க?" "பழைய கட்டடம் பாருங்க, அனுமதி வரணும். மூணு மாசம் ஆகும்." இடைவேளை மணி அடிக்கிறது. கதவுகள் திறந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். அவள் சுவரருகே போய், அதற்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கைகளையும் முடிந்தவரை அகல விரிக்கிறாள். "அந்தப் பக்கமாப் போங்க கண்ணுங்களா," என்கிறாள், ஏற்ற இறக்கமில்லாத குரலில்.