அப்பழுக்கில்லாத கோடு

பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதனைக்கு ஆள் கிடைக்காத நாளில், மாணவி ஜெசிந்தா தன் நெஞ்சிலேயே எலெக்ட்ரோடை ஒட்டி இதயத்துடிப்பைப் பதிவு செய்வாள்.

அன்றும் அப்படித்தான் ஒட்டியிருந்தாள். எலெக்ட்ரோடுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிவில் கலக்கும் இரைச்சலை நீக்கக் கணினியில் இருந்த வடிகட்டி மென்பொருளிடம் சொன்னது: “அண்ணே, நாலு துடிப்புக்கு ஒருக்கா சின்னதா ஒண்ணு உதறுது.”

“பார்த்தேன். இரைச்சல். அழிச்சிட்டேன்.”

“இரைச்சல் இல்லண்ணே. நான் தோலோட ஒட்டியிருக்கேன், எனக்குத் தெரியும். இந்தா, மறுபடியும்.”

“மறுபடியும் அழிச்சிட்டேன். கோடு சுத்தமா இருந்தாதான் பேராசிரியருக்குப் பிடிக்கும்.”

திரையில் துடிப்புக் கோடு அப்பழுக்கில்லாமல் வந்தது. பேராசிரியர் எட்டிப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார். ஜெசிந்தா வயரைக் கழற்றாமலே அதை அச்செடுத்து, மேலே ‘ஆரோக்கியமான இதயம்’ என்று எழுதத் தொடங்கினாள். பாதியில் பேனா நழுவியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

எலெக்ட்ரோடு அலறியது.

வடிகட்டி அதையும் அழித்தது.