புள்ளிக்கு வரையறை இல்லை

பள்ளிக்குள் சிறுத்தை புகுந்துவிட்டதென்று காவலாளி கத்திக்கொண்டு ஓடியதும், கணக்கு டீச்சர் கதவைத் தாழிட்டு மேசையை முட்டுக்கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் பெஞ்சுகளுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். விசும்பல் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று அவளும் தரையில் உட்கார்ந்து, விட்ட பாடத்தைக் கிசுகிசுப்பாகத் தொடர்கிறாள். கையிலிருக்கும் சாக்பீஸ் வியர்வையில் பிசுபிசுக்கிறது. "வட்டம்னா என்ன?" என்று கேட்கிறாள். "ஒரு புள்ளியிலேர்ந்து ஒரே தூரத்துல இருக்கிற எல்லாப் புள்ளியும்" என்கிறது பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு குரல். முன்பெஞ்சு வாயாடி டீச்சரின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "அப்போ புள்ளின்னா என்ன மிஸ்?" "அதுக்கு வரையறை கிடையாதுடா கண்ணு. எதை வச்சுச் சொன்னாலும், அது என்னன்னு கேப்ப. எங்கயாவது நிறுத்தணும்ல? அதனால சொல்லாமலே ஒத்துக்கறோம்." நடைக்கூடத்தில் நகங்கள் தரையில் உரசும் சத்தம் நெருங்கி வருகிறது. கதவுக்கடியில் விழும் வெயில் கீற்றை ஒரு நிழல் மறைக்கிறது. மோப்பம் பிடிக்கும் மூச்சு கேட்கிறது. விசும்பல்கூட நின்றுபோகிறது. வெகுநேரம் கழித்து நிழல் விலகி, வெயில் மறுபடி தரையில் விழுகிறது. டீச்சர் அடுத்த கேள்விக்கு வாய் திறக்கிறாள், குரல் வரவில்லை. வாயாடி அவள் காதோரம் நெருங்கி, "கோணம்னா என்னன்னு கேளுங்க மிஸ், எனக்குத் தெரியும்" என்கிறாள்.