இருபத்தைந்து நிமிட ரிப்போர்ட்

“மூணு வாரம் ஆச்சு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வேகமா ஓட வைக்க முடியல. உனக்கு ‘மின்னல்’னு பேர் வச்சது யாரும்மா?”

மேனேஜர் கேட்டதும் அவள் தலை குனிந்துகொண்டாள். எந்த மென்பொருள் படுத்துவிட்டாலும் அரை நாளில் எழுப்பி ஓட விடுபவள் என்பதால் வந்த பெயர் அது. அந்தப் பெயரை நம்பித்தான் இந்த மருந்துக் கிடங்குக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“பழைய டூல் சார். ஒரு கட்டத்தை நகர்த்தினா டோட்டல் அடுத்த பக்கத்துக்கு ஓடிடுது. என்ன தப்புன்னும் சொல்லாம, ‘பிழை’ன்னு மட்டும் காட்டிட்டு உம்முனு உட்கார்ந்துக்குது. எந்தப் புண்ணியவான் எழுதினதோ!”

“புண்ணியவானா? படுபாவின்னு சொல்லு! மத்தியானம் ஒரு மணிக்கு அது ஓட ஆரம்பிச்சா, இருபத்தஞ்சு நிமிஷம் எல்லா ஸ்கேனரும் நின்னுடுது. அங்க பாரு!”

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பேக்கிங் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சாப்பாட்டுக்குத் தனி நேரம் கிடையாது, வேலை இல்லாதப்ப சாப்பிட்டுக்கோங்கன்னு தெளிவா சொல்லியிருக்கேன். இந்த ரிப்போர்ட்டைச் சாக்கா வச்சு தினமும் விருந்து நடக்குது! உனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் கையை விரிச்சுட்டாங்க. நீயுமா?”

“நானும்தான் சார்.”

“அப்ப கிளம்பு. உன்னைப் பத்தி யார் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்லுவேன்.”

சுருக்கென்று தைத்தது. “சொல்லுங்க சார்” என்று வெளியே வந்தாள்.

மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பையை எடுத்து வைத்தபோது, பேக்கிங் பெண்களில் மூத்தவள் குரல் கொடுத்தாள்.

“என்னம்மா, உன்னாலயும் முடியலையா?”

“முடியலக்கா.”

“அட, விடு. ஆகாததுக்கு யார் என்ன பண்ண முடியும்? வா, வந்து ரெண்டு வாய் சாப்பிடு.”

“இதோ வரேன்க்கா. நீங்க மெதுவா சாப்பிடுங்க, நேரம் இருக்கு.”

கிளம்பும் முன் ரிப்போர்ட்டின் உள்ளே கடைசியாக ஒரு முறை நுழைந்தாள். வந்த முதல் நாள், முதல் ஒரு மணி நேரத்திலேயே அவள் கண்டுபிடித்த இடம் அது. ‘இருபத்தைந்து நிமிடம் சும்மா காத்திரு’ என்று கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு கட்டளை. அதன் பக்கத்தில், எழுதியவரின் குறிப்பு: ‘பாவம், சாப்பிடட்டும்.’

அடுத்து வந்தவர் எழுதியது: ‘கண்டுபிடித்தேன். தொடவில்லை.’

அதற்கும் அடுத்தவர்: ‘நானும்.’

அந்த மூவரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களோடு ஒரே வரிசையில் நிற்பதில் வந்த பெருமை, மின்னல் என்று பெயர் வாங்கியபோதுகூட வந்ததில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, நான்காவது வரியைத் தட்டினாள்:

‘நானும்தான். கை கழுவ ஐந்து நிமிடம் கூட்டியிருக்கிறேன்.’