ஒரு மடக்குத் தண்ணீர்

சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் குருநாதனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தலை வெடித்துவிடும்போல வலித்தது. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்தது. வீட்டுக் கழிப்பறையில் பதித்திருந்த வைத்தியக் கருவி எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டு, தேனொழுகும் குரலில் ஒரே பதிலைத்தான் சொன்னது: "பதற்றம். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்."

"பதற்றமாம், பதற்றம்!" என்று அவர் மனைவி செண்பகவல்லி கருவியைத் திட்டித் தீர்த்தாள். பிறகு அவரை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரெஜினா ஸ்கேனைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"மூத்திரப்பையில கட்டிம்மா. ஒண்ணுக்குப் போறப்ப அது அழுந்தி, படபடப்பைக் கெளப்புற சுரப்பை ரத்தத்துல விடுது. புத்துநோய் இல்ல. ஆனா ரொம்ப அபூர்வம். எடுத்துட்டா சரியாயிடும்."

"அப்ப எடுத்துருங்க டாக்டரம்மா."

"உங்க வீட்டுக் கருவி ஒத்துக்கணுமே. அது சொல்லாம ஆபரேஷன் தியேட்டர் கதவே எனக்குத் திறக்காது. இன்னும் நெறைய பேருக்கு இந்தக் கட்டி வந்தாத்தான் அது கத்துக்கும்." டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து குருநாதன் தண்ணீரே குடிப்பதில்லை. சித்திரை வெயிலில் அவர் உதடு வெடித்துக் கிடந்தது. செண்பகவல்லி செம்போடு கட்டிலருகே நின்று கெஞ்சினாள்.

"ஒரு மடக்காவது குடிங்க."

"குடிச்சா போகணும்லா" என்றார், கண்ணைத் திறக்காமல்.

காலையிலிருந்து அவர் எட்டிப் பார்க்காத கழிப்பறையிலிருந்து அந்தக் குரல் தானாகவே கேட்டது.

"குருநாதன் அவர்களுக்கு இன்று ஒருமுறைகூடப் பதற்றம் வரவில்லை. வாழ்த்துகள்! இப்படியே தொடருங்கள்."