பதினான்காம் பக்கம்

"சார், பதினாலாம் பக்கத்துல இருக்கிறது நம்ம பதில் இல்லையே."

உதவியாளர் அம்மாள் இதைக் கிசுகிசுத்தபோது கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவின் அறைக்கு வெளியே, கக்கத்தில் கோப்புகளை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார் பிரிவு அதிகாரி. காலையிலிருந்து அவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க."

"'ரோந்துப் படகுகளுக்கான லைஃப் ஜாக்கெட்டுகள் போதுமான அளவில் கையிருப்பில் உள்ளன'ன்னு ஒரு வரி டைப் பண்ணிக் கொடுத்தேனே, அதைக் காணோம். அந்த இடத்துல சோதனைக் குறிப்பு உட்கார்ந்திருக்கு. நாப்பது ஜாக்கெட்டைத் தொட்டித் தண்ணியில போட்டு, பத்தே நிமிஷத்துல இருபத்திமூணு முழுகிப் போச்சே, அது."

"எத்தனை பிரதியில?"

"இருபத்திரண்டு உறுப்பினருக்கும் போன பதில் புத்தகத்துல. அனுப்பி நாலு நாளாச்சு. ஒரே ஒருத்தர் படிச்சாலும் போதும் சார், துறை சந்தி சிரிச்சிடும். உங்க வேலைக்கும் உலைதான். அச்சுப் பிழைன்னு சொல்லி எல்லாத்தையும் திருப்பி வாங்கிடட்டுமா?"

"வேண்டாம். இப்பப் போய்க் கேட்டா வீணா சந்தேகம் வரும்." அவர் கோப்புகளை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். "நீங்க எதையும் பார்க்கலை. பேசாம வந்து உட்காருங்க."

துறைச் செயலாளர் வந்து சேர்ந்தார். எந்தக் கேள்விக்கும் 'தேசப் பாதுகாப்பைக் கருதி' என்று ஆரம்பித்து, ஆரம்பித்த இடத்திலேயே முடித்துவிடும் வித்தகர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கருதி'. கையெழுத்துப் போடுவது தன் வேலை, படிப்பது மற்றவர்கள் வேலை என்று பணியில் சேர்ந்த நாளிலேயே பிரித்துக்கொண்டவர். அவருக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில், அதிகாரிக்கு நாற்காலி.

"இந்தத் துறையைக் குடைந்தெடுக்காமல் விடப்போவதில்லை" என்று குழுத் தலைவர் முழங்கினார். முழங்கி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

முதலில் ஒரு கனத்த உறுப்பினர் விரலை நாக்கில் தொட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. அதிகாரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். உறுப்பினர் புத்தகத்தை மூடி அதனாலேயே விசிறிக்கொண்டார்.

"என் தொகுதிப் பூங்காவுல ஒரு பழைய டாங்கி நிக்குது. அதுக்குப் பெயின்ட் அடிச்சு எத்தனை வருஷமாச்சு? நாட்டு மானம் என்னங்க ஆகுறது?"

"தேசப் பாதுகாப்பைக் கருதி, எந்த நிறம் என்பது பரிசீலனையில் உள்ளது."

அடுத்தவர் நரைத்த தலை, முன்னாள் அமைச்சர். அவர் நேராகப் பதினான்காம் பக்கத்தையே விரித்துவிட்டார். அதிகாரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். முன்னாள் அமைச்சர் அந்தப் பக்கத்தைக் கையால் நன்றாக நீவி, அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். பிறகு, தான் பேசிய ஒரு கூட்டத்துக்கு மேலே போர் விமானம் பறந்து, கைதட்டல் யாருக்கும் கேட்காமல் போனதைப் பற்றிக் கால் மணி நேரம் விளாசினார்.

கடைசியாக ஓர் இளம் உறுப்பினர். அவர் புத்தகத்திலிருந்து வண்ண வண்ணச் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. காதில் பென்சில். படிக்கிற பெண் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பதினாலாம் பக்கத்துக்கு வர்றேன், தலைவரே."

உதவியாளர் அம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டார். செயலாளர் திரும்பாமலே பின்னால் கையை நீட்ட, அதிகாரி அந்தப் பக்கத்தை விரித்தே கொடுத்தார்.

"இந்தப் பக்கத்துல கீழ பதினாலுன்னு போட்டிருக்கீங்க. மேல பார்த்தா மூணுன்னு இருக்கு. எதுங்க சரி?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். செயலாளர் பக்கத்தின் மேல் மூலையைப் பார்த்தார், கீழ் மூலையைப் பார்த்தார். நடுவில் இருந்ததைப் பார்க்கவில்லை.

"தேசப் பாதுகாப்பைக் கருதி, பதினாலு."

"இப்படிப்பட்ட கவனக்குறைவைக் குழு வன்மையாகக் கண்டிக்கிறது" என்றார் தலைவர். உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். இளம் உறுப்பினர் அந்தச் சீட்டைப் பிடுங்கிவிட்டு, கடமையை முடித்த முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார். கூட்டம் கலைந்தது.

வெளியே வந்ததும் செயலாளர் அதிகாரியின் தோளில் தட்டினார். "பதில் எழுதினா இப்படி எழுதணும். ஒரு பய வாயைத் திறக்கலை பாருங்க."

"பெரிய கண்டத்துல தப்பிச்சோம் சார்" என்று உதவியாளர் அம்மாள் பெருமூச்சு விட்டார். "போய் ஒரு வாய் சாப்பிடுங்க. முகத்துல ஈயாடலை."

அதிகாரி சாப்பிடப் போகவில்லை. மாடிப்படியின் திருப்பத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, வீட்டுக்கு போன் போட்டார்.

"முடிஞ்சுது" என்றார் மனைவியிடம். "ஒருத்தரும் படிக்கலை."

மறுமுனையில் அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"என் தம்பி திங்கக்கிழமை ரோந்துப் படகுல ஏறுறான்" என்றாள் அவள். "போன வருஷம் அந்தக் குறிப்பை அறுபதாம் பக்கத்துல சொருகினீங்க, இந்த வருஷம் பதினாலுல சொருகினீங்க. அடுத்த வருஷமாவது அட்டையிலயே ஒட்டி அனுப்புங்க."